முதல் உலகப் போரில் இறந்த எங்கள் ஊர்க்காரர்களின் வாரிசுகளைத் தேடுகிறோம்

வணக்கம். வேலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு பழைய கல் இருக்கிறது. 1914லிருந்து 1919 வரை நடந்த போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும்தான் அதில் வெட்டியிருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே பெயர்களோடு ஒரு கல் வைக்கப் போகிறோம். அதற்கு வாரிசுகள் வேண்டும்.

உங்கள் கொள்ளுத்தாத்தா யாராவது மெட்ராஸ் சாப்பர்ஸிலோ வேறு படையிலோ சேர்ந்து பஸ்ரா, மெசபடோமியா (இன்றைய ஈராக்) பக்கம் போய்த் திரும்பாமலே போயிருந்தால் சொல்லுங்கள். வீட்டில் வெள்ளிப் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள், படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வட்டில் சூலம் பிடித்த பெண்ணும் சிங்கமும் இருந்தால் அது இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்தது, தயவுசெய்து பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடுகிறோம். சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர் வரை இருக்கிறது, ஆனால் வெள்ளைக்காரன் எழுதிவைத்த எழுத்தில் நம் ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அப்புறம், பிழைக்க கோலார் தங்கவயல், பெங்களூர் என்று போய்விட்ட குடும்பங்களும் உண்டு, அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விவரம், படம் எல்லாம் உள்பெட்டியில் அனுப்பினால் போதும்.