அம்மா அழித்த கேள்வி

குழு: தோட்டப்பாளையம் வீடு
வியாழன், இரவு 8:40

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: என்னக்கா, போட்ட வேகத்தில் அழித்துவிட்டாய்?

அம்மா: ஒன்றுமில்லை. கை தவறி வந்துவிட்டது.

நான்: நான் படித்துவிட்டேன். ஜெர்மனியில் கக்கூஸில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமை விமானம் ஏறப் போகிறாய், இப்போது கேட்காமல் எப்போது கேட்பாய்?

அம்மா: பெரிய மாமா எல்லாம் இருக்கிற இடத்தில் இதைப் போய்...

பெரியப்பா: இதில் என்னம்மா வெட்கம்? ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் இருந்தபோது இத்தாலிக்கு ஆறு தடவை போனேன். திரும்பி வந்தால் எல்லாரும் ஷூ கேட்டார்கள், சாக்லேட் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

பெரியப்பா: தண்ணீர் இருக்காது, காகிதம்தான். ஆனால் இத்தாலியில் கமோடு பக்கத்தில் குட்டையாக இன்னொரு பீங்கான் தொட்டி குழாயோடு இருக்கும். பிடே என்பார்கள். வீடு என்றால் அது இருந்தே ஆக வேண்டும் என்று 1975-இலேயே விதி போட்டுவிட்டார்கள். முதல் தடவை நான் அதில் கால் கழுவினேன்.

அப்பா: பனியன் துவைத்தேன் என்றல்லவா சொன்னீர்கள் அண்ணா?

பெரியப்பா: அது இரண்டாவது தடவை.

தங்கை: அம்மா, இங்கே ஜெர்மனியில் என் வீட்டில் மக் வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீருக்குப் பயப்படாதே, தரைக்குப் பயப்படு. குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டையே கிடையாது. நம் வீடு மாதிரி கால் கழுவித் தள்ளிவிட முடியாது.

அத்தை: இதை என்னிடம் கேளுங்கள். லண்டனில் பையன் வாடகை வீட்டில் போன முதல் நாளே, குளியல் தொட்டிக்கு வெளியே நின்று நிம்மதியாக நாலு செம்பு ஊற்றிக் குளித்தேன். கால் மணி நேரத்தில் கீழ் வீட்டம்மா கதவைத் தட்டுகிறாள். அவள் அடுப்படி விளக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது! அப்புறம் ஊருக்குக் கிளம்பும் வரை திரைச்சீலையைத் தொட்டிக்கு உள்பக்கம் விட்டு, அசையாமல் குளித்தேன் அண்ணி.

சித்தி: அடக் கடவுளே.

சித்தி: நாளைக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வருகிறது. யாருக்கு எத்தனை கிலோ?

நான்: சித்தி, ஒரு அரை மணி நேரம்.

பெரியப்பா: குளிக்கிற இடத்தில் ஒரு கயிறு தொங்கும். அதைத் தொடாதே. மிலானில் ஹோட்டலில் அதை விளக்குக்கு என்று நினைத்து இழுத்தேன். விளக்கு எரியவில்லை, அதனால் இன்னும் பலமாக இழுத்தேன். விழுந்தவர்கள் ஆளைக் கூப்பிடுகிற கயிறாம் அது. இடுப்பில் துண்டோடு கதவைத் திறந்தால் மூன்று பேர், ஒருவர் கையில் முதலுதவிப் பெட்டி.

அத்தை: லண்டனில் விளக்குக்கும் கயிறுதான் பெரியண்ணா. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் சிவப்பாக இருப்பதுதான் ஆபத்துக்கு.

பெரியப்பா: குழாயில் சி என்று போட்டிருந்தால் குளிர்ந்த நீர் என்று திறக்காதே. இத்தாலியில் கால்டோ, பிரான்சில் ஷோ, இரண்டுக்கும் முதல் எழுத்து அதுதான். இரண்டும் வெந்நீர்.

அப்பா: ஆண், பெண் பலகை எப்படி இருக்கும்? நம் வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் பெங்காலியில் எழுதியிருக்கிற மாதிரி முழிக்க வேண்டியதுதானா?

தங்கை: ஜெர்மனியில் ஹெரன் என்றால் ஆண்கள், டாமன் என்றால் பெண்கள். ஆங்கில 'ஹெர்' என்று நினைத்து அம்மா நுழைந்துவிடக் கூடாது. இத்தாலியில் சிஞ்ஞோரி ஆண்கள், சிஞ்ஞோரே பெண்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், நின்று படியுங்கள்.

அப்பா: காசு?

தங்கை: பையில் சில்லறை யூரோ எப்போதும் இருக்கட்டும். ஜெர்மனி நெடுஞ்சாலையில் சானிஃபேர் என்று கட்டணக் கழிப்பறை இருக்கும், ஒரு யூரோ போட்டால்தான் தடுப்பு சுழலும். சீட்டு ஒன்று வரும், அதே ஒரு யூரோவை அங்கே கடையில் கழித்துக்கொள்ளலாம், தூக்கிப் போடாதீர்கள். ரயிலுக்குள் இலவசம், அதனால் இறங்கும் முன்பே போய்விடுங்கள். பாரிஸில் தெருவோரக் கழிப்பறை 2006-இல் இருந்து இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி அதுவே தன்னைக் கழுவிக்கொள்ளும். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள், பச்சை விளக்கு வரட்டும்.

அப்பா: ஒரு யூரோ என்றால் இங்கே பத்து பேர் போய்விட்டு வரலாம்.

தங்கை: அப்பா, இங்கே வந்து ரூபாயில் கணக்குப் போடக் கூடாது. ஜெர்மனியில் சில ஊர்களில் ஓட்டல் கதவில் 'நெட்டே டாய்லெட்டே' என்று ஸ்டிக்கர் இருக்கும். சாப்பிடாமலே உள்ளே போகலாம், காசு இல்லை. ஆலன் என்கிற ஊரில் 2000-இல் தொடங்கியது.

அம்மா: எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்காது. வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

நான்: இதுதான் திட்டமா?

அப்பா: போன வருடம் திருப்பதிக்கு பஸ்ஸில் போனபோதும் இதே திட்டம்தான். நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் படுக்கை, ஐந்து நாள் மாத்திரை.

அம்மா: அதை எதற்கு இங்கே எழுதுகிறீர்கள்?

தங்கை: அம்மா, நீ குடி. ஒரு காலி அரை லிட்டர் பாட்டில் கைப்பையில் வை. விமான நிலையச் சோதனையில் தண்ணீரோடு கொண்டுபோனால்தான் பிடுங்குவார்கள், காலியாக இருந்தால் விடுவார்கள். கழிப்பறைக்குள் போகும் முன் வாஷ்பேசினில் நிரப்பிக்கொள். கழுவிய பிறகு காகிதத்தால் துடைத்து, காகிதத்தைக் கமோடிலேயே போடு. ஈரத் துடைப்பான் மட்டும் குப்பைக்கூடையில், அது கரையாமல் குழாயை அடைக்கும். பக்கத்தில் பிரஷ் இருக்கும், தேய்த்துவிட்டு வருவது இங்கே மரியாதை.

அத்தை: கமோடு மேல் ஏறி உட்காராதீர்கள் அண்ணி. பீங்கான் உடைந்தால் வெட்டிவிடும்.

பெரியப்பா: விமானத்தில் தாழ்ப்பாளை முழுசாகத் தள்ளினால்தான் வெளிச்சம் வரும். இருட்டில் உட்கார்ந்து பயப்படாதே. தட்டு வண்டி கிளம்பும் முன் போய்விடு, அப்புறம் நடைபாதை அடைந்துவிடும். ஃபிளஷ் சத்தம் நம் மிக்சியைவிடப் பெரிசு.

அம்மா: சரி மாமா.

இரவு 9:55

அம்மா: நீல பிளாஸ்டிக் செம்பும் பெட்டியில் வைத்துவிட்டேன். இடம் வீணாகக் கூடாது என்று உள்ளே மாங்காய் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது.

தங்கை: இங்கேதான் மக் இருக்கிறதே அம்மா!

அம்மா: உன்னுடைய மக் சின்னது. வீடியோ காலில் பார்த்தேன்.

சித்தி: இப்போதாவது கத்தரிக்காய் எத்தனை கிலோ என்று சொல்லுங்கள்.