கேஸ் டெஸ்ட் ஜீரோ காட்டினா போதுமா? மணலி, எண்ணூர் பக்கம் சேஃப்டி வேலைக்கு வர்றவங்களுக்கு

புதுவரவு_மணலி:
எல்லாருக்கும் வணக்கம். சேஃப்டி டிப்ளமோ முடிச்சிட்டு அடுத்த மாசம் மணலியில ஷட்டவுன் (பிளான்ட்டை நிறுத்திப் பண்ற பராமரிப்பு) வேலைக்குச் சேர்றேன். டேங்க் கிளீனிங், சாரம், கட்டிங், வெல்டிங் எல்லாம் இருக்குமாம். ரிஸ்க் மேட்ரிக்ஸ், ஹைரார்க்கி ஆஃப் கன்ட்ரோல் (ஆபத்தை முதல்ல நீக்கு, முடியலன்னா குறை, கிளவுஸ், மாஸ்க் கடைசிங்கிற வரிசை) எல்லாம் படிச்சாச்சு. சைட்ல நிஜமா ஆளைக் காவு வாங்குறது எது, எதை முதல்ல பார்க்கணும்? அண்ணனுங்க, அக்காங்க பார்த்ததைச் சொன்னா நல்லாயிருக்கும்.

கேஸ்_டெஸ்டர்:
கன்ஃபைன்ட் ஸ்பேஸ்ல, அதாவது டேங்க், வெஸல் மாதிரி உள்ள போக, வெளிய வர கஷ்டமான அடைச்ச இடத்துல, ஆரம்பி தம்பி. மத்த விபத்துல விழுந்தவரோட போயிடும். இதுல தூக்கப் போனவரும் சேர்ந்து போவார்.

கையில நாலு கேஸ் மீட்டர் இருக்கும்: ஆக்சிஜன், எரியும் வாயுவுக்கு எல்இஎல் (தீப்பிடிக்கத் தேவையான குறைஞ்சபட்ச அளவுல எத்தனை சதவீதம் இருக்குன்னு காட்டும்), ஹைட்ரஜன் சல்ஃபைட், கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5-க்கும் நடுவுல இருந்தா பாஸ்னு பெர்மிட்ல (வேலை அனுமதிச் சீட்டு) அச்சடிச்சே இருக்கும். அங்கதான் ஏமாறுவாங்க. வெளிக்காத்துல 20.9 இருக்கு, டேங்க்ல 20.2 காட்டுதுன்னு வை. பெர்மிட்படி பாஸ். ஆனா அந்த 0.7 எங்க போச்சு? வேற ஒரு வாயு புகுந்து காத்தைத் தள்ளியிருந்தா, ஆக்சிஜன் அந்த அளவு இறங்க அந்த வாயு சுமாரா 3.3 சதவீதம் இருக்கணும். அதாவது 33,000 பிபிஎம் (பத்து லட்சத்துல 33,000 பங்கு). உன் மீட்டர்ல அந்த வாயுவுக்கு சென்சாரே இல்லாம இருக்கலாம். துரு பிடிச்சு ஆக்சிஜன் குறைஞ்சிருந்தா அது வேற கதை. எதுன்னு தெரியாம ஆளை இறக்காதே.

அடுத்தது எல்இஎல் ஜீரோ. சாதாரண மீட்டர்ல இருக்கிற சென்சார் வாயுவை உள்ளேயே எரிச்சுப் பார்த்துத்தான் அளக்கும். எரிய ஆக்சிஜன் வேணும். நைட்ரஜன் பர்ஜ் பண்ணின (நைட்ரஜனை விட்டு மத்த வாயுவைத் துரத்தின) வெஸல்ல ஆக்சிஜன் இல்ல, அதனால உள்ள ஹைட்ரோகார்பன் நிறைஞ்சிருந்தாலும் ஜீரோ காட்டும், இல்ல தப்பான எண் ஒண்ணு காட்டும். வாயு ரொம்ப அடர்த்தியா இருந்தாலும் இதே கூத்துதான்: எண் விர்ருன்னு ஏறி அப்புறம் தடால்னு விழும். அதனாலதான் ஆக்சிஜன் முதல்ல, எரியும் வாயு ரெண்டாவது, விஷ வாயு மூணாவது. இந்த வரிசையைப் பரீட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க, காரணம் கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. சிலிகான் ஸ்ப்ரே பட்டாலும் அந்த சென்சார் செத்துடும், வெளியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. தினமும் காலையில தெரிஞ்ச வாயுவைக் காட்டி மீட்டர் சரியா காட்டுதான்னு பார்க்கிறது (bump test) இதுக்குத்தான்.

மேல, நடுவுல, அடியில மூணு மட்டத்துலயும் எடு. ஹைட்ரஜன் சல்ஃபைட் காத்தை விட கனம், அடியில தங்கும். மீத்தேன் லேசு, கூரையில நிக்கும். ஹோஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காத்திருக்கணும். வாயு குழாய் வழியா வந்து சேரணும், அப்புறம் சென்சார் நிலைக்கணும். பத்து மீட்டர் ஹோஸை விட்டுட்டு அஞ்சு செகண்ட்ல எண்ணை எழுதினா, அது மேன்ஹோலுக்கு வெளிய இருந்த காத்தோட எண்.

காலையில எடுத்த ரீடிங் காலையோட முடிஞ்சுது. சேறு படிஞ்ச டேங்க்ல மண்வெட்டி போட்டுக் கிளறின பிறகுதான் சல்ஃபைடே வெளிய வரும். அதனால உள்ள இருக்கிறவர் சட்டையிலயே மீட்டர் தொங்கணும். சாப்பாட்டு பிரேக் முடிஞ்சு வந்தா மறுபடி டெஸ்ட். மூக்கை நம்பாதே: சுமார் 100 பிபிஎம் தாண்டினா மூக்கு மரத்துப் போய் அழுகின முட்டை நாத்தம் நின்னுடும். வாசனை போயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு உள்ளே இருந்து குரல் வந்தா உடனே வெளிய வரச் சொல்லு.

பெர்மிட்_டெஸ்க்:
மேல சொன்னது எல்லாம் சரி. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: ஆள் உள்ள போயே ஆகணுமா? வெளியில நின்னு ஜெட்ல கழுவி, பம்ப்ல உறிஞ்சி எடுக்க முடியும்னா என்ட்ரி பெர்மிட்டே வேண்டாம். ஹைரார்க்கியில முதல் படி இதுதான். கிளாஸ்ல படத்தோட நின்னுடுது, சைட்ல நேரா கடைசிப் படிக்குப் போய் கிளவுஸ், மாஸ்க் கணக்கு எழுத ஆரம்பிச்சிடுறாங்க.

போய்த்தான் ஆகணும்னா, வால்வை மூடினது ஐசோலேஷன் (லைனை முழுசா துண்டிக்கிறது) இல்ல. மூடின வால்வும் உள்ளுக்குள்ள கசியும், யாராவது திறப்பாங்க. லைன்ல பிளைண்ட் (வழியை அடைக்கிற இரும்புத் தட்டு) விழுந்திருக்கணும், இல்லன்னா ஒரு ஸ்பூல் பீஸை (குழாய்த் துண்டு) கழட்டி இடைவெளி தெரியணும். பிளைண்ட் லிஸ்ட்டை எடுத்துட்டு ஒவ்வொரு ஃப்ளேஞ்சா (குழாய் இணைப்பு) நடந்து பாரு. நைட்ரஜன் லைன், ஸ்டீம் லைன், டிரெயின், வென்ட் நாலும் லிஸ்ட்ல இருக்கா பாரு. டிரெயினைத்தான் அடிக்கடி விட்டுடுவாங்க, அடுத்த டேங்க்ல இருக்கிறது அந்த வழியாத்தான் திரும்பி வரும்.

உள்ள கட்டிங் வேலைன்னா ரெண்டு விஷயம். பிரேக்குக்கு வெளிய வரும்போது டார்ச், ஹோஸ் ரெண்டும் ஆளோட சேர்ந்து வெளிய வரணும், சிலிண்டர்ல வால்வு மூடணும். ஆக்சிஜன் ஹோஸ் லேசா கசிஞ்சா ஒரு மணி நேரத்துல உள்ளே ஆக்சிஜன் ஏறிடும். அப்புறம் லைட்டர் அடிச்சா துணி, முடி எல்லாம் பஞ்சு மாதிரி பத்தும். புழுக்கமா இருக்குன்னு ஆக்சிஜன் ஹோஸைத் திறந்து காத்து வாங்குற பழக்கமும் இருக்கு. அதைப் பார்த்தா அந்த நிமிஷமே வேலையை நிறுத்து. ரெண்டாவது ஆர்கான்: காத்தை விட கனம், நிறம் இல்ல, வாசனை இல்ல. பைப் உள்ள பர்ஜ் பண்ணி வெல்டிங் அடிக்கிற இடத்துல குழியில தேங்கும்.

டேங்க் உள்ள விளக்கு 24 வோல்ட். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 36ஏ பிரிவா வந்த விதி அது. டிரான்ஸ்ஃபார்மர் வெளிய இருக்கணும். உள்ளேயே கொண்டு போய் வச்சா 230 வோல்ட் ஒயரும் கூடவே உள்ள போகுது, 24 வோல்ட்டுக்கு அர்த்தம் இல்லாம போயிடும்.

புதுவரவு_மணலி:
அண்ணே, ரெஸ்க்யூவுக்கு ட்ரைபாட் (ஆளை மேல தூக்குற மூணு கால் ஸ்டாண்டு) வச்சா போதும்னு சொல்றாங்களே?

கேஸ்_டெஸ்டர்:
மேன்ஹோல் மேல் பக்கம் இருந்தா போதும். பக்கவாட்டு மேன்ஹோல்னா ட்ரைபாட் சும்மா நிக்கும், நேரா மேல தூக்க வழி கிடையாது. பழைய டேங்க் மேன்ஹோல் சிலது 18 அங்குலம்தான். முதுகுல காத்து சிலிண்டர் மாட்டினவர் அதுல திணறுவார். ஏர்லைன் மாஸ்க் (வெளியில இருந்து ஹோஸ்ல காத்து வர்றது), இடுப்புல சின்ன எஸ்கேப் பாட்டில்னு யோசிக்கணும். பெர்மிட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதே உபகரணத்தை மாட்டி ஒருத்தரை நுழைய விட்டுப் பாரு. ஹோல் வாட்ச் ஆள் (மேன்ஹோல் வாசல்ல நின்னு கண்காணிக்கிறவர்) எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது. உள்ள இருக்கிறது அவர் ஊர்க்காரரா, சொந்தக்காரரான்னு முன்னாடியே கேட்டு வை. தம்பி கண்ணு முன்னாடி விழுந்தா எந்த அண்ணனும் வெளியில நிக்க மாட்டார். அந்த ரெண்டு பேரையும் ஒரே மேன்ஹோல்ல போடாதே.

சாரக்காரர்:
உயரத்துல வேலைக்கு வருவோம். ஹார்னெஸ் (உடம்புல மாட்டுற பெல்ட்) போட்டாச்சு, ஹூக் மாட்டியாச்சு, ஃபோட்டோ எடுத்தாச்சு. கணக்கு போட்டியாப்பா? லேன்யார்டு (ஹார்னெஸையும் ஹூக்கையும் சேர்க்கிற கயிறு) 1.8 மீட்டர். விழுந்தா ஷாக் அப்சார்பர் கிழிஞ்சு 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு டி-ரிங்ல இருந்து பாதம் வரைக்கும் 1.5. பாதுகாப்புக்கு மிச்சமா 1. மொத்தம் சுமார் ஆறு மீட்டர். ஹூக் மாட்டின இடத்துக்குக் கீழ ஆறு மீட்டர் காலியா இருக்கணும். நாலு மீட்டர் உயரத்துல தட்டு, அதுல கால்மட்டத்துல ஹூக்னா, அப்சார்பர் முழுசா விரியறதுக்குள்ள ஆள் தரையில இருப்பார். தோள் மட்டத்துல மாட்டினாலும் ஹூக்குக்குக் கீழ அஞ்சரைதான் வருது, ஆறு இல்ல. அந்த உயரத்துக்கு தலைக்கு மேல மாட்டுற ரிட்ராக்டபிள் பிளாக் (தானா சுருண்டு, விழுந்தா உடனே பூட்டிக்கிற கயிறு) போடு. இல்லன்னா ஓரத்துக்கே போக முடியாத மாதிரி கயித்தைக் குட்டையா கட்டு. அதை விட நல்லது, தட்டைச் சுத்தி மேல் கம்பி, நடு கம்பி, 150 மில்லிமீட்டர் டோ போர்டு (கால்மட்டத் தடுப்புப் பலகை) ஒழுங்கா போட்டு விழவே விடாம பண்றது.

கேபிள் ட்ரே, ஒரு அங்குல பைப், கைப்பிடிக் கம்பி, அலுமினிய கிளாடிங், இது எதுவும் ஆங்கர் (ஹூக் மாட்டுற பிடிமானம்) இல்ல. ஆங்கர் 15 கிலோநியூட்டன் தாங்கணும்னு கேக்குறோம். ஒன்றரை டன் எடையைத் தொங்கவிட்ட மாதிரி கணக்கு.

எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் மணல் தரை, உப்புக் காத்து. சாரக் கால் பேஸ் பிளேட்டுக்கு அடியில சோல் போர்டு (பாரத்தைப் பரப்புற பலகை) இல்லாம நட்டா ஒரு மழைக்கு ஒரு கால் மட்டும் இறங்கிடும், லோடு முழுக்க மத்த கால்கள்ல ஏறும். கப்ளர் (குழாய்களைச் சேர்க்கிற கவ்வி) போல்ட்டு பளபளன்னு இருந்தாலும் நட்டைக் கையால சுத்திப் பாரு. மரை துரு ஏறிப் போயிருந்தா ஸ்பேனர்ல இறுகின மாதிரி காட்டும், கப்ளர் குழாயைக் கவ்வியிருக்காது. பச்சை டேக் (சாரத்தைச் சோதிச்சாச்சுங்கிற அட்டை) தேதியைப் பாரு. நேத்து ராத்திரி காத்து மழைன்னா அந்த டேக் செல்லாது, திரும்ப இன்ஸ்பெக்ஷன்.

தொங்கிட்டு இருக்கிறவரை சில நிமிஷத்துல இறக்கணும். கால் பட்டை ரத்த ஓட்டத்தை அழுத்தும், மயக்கம் வரும். ஃபயர் சர்வீஸுக்கு ஃபோன் போட்டுட்டு காத்திருக்கிறதுக்கு பேர் ரெஸ்க்யூ பிளான் இல்ல.

எம்சிசி_ரூம்:
கரன்ட் பக்கம் சுருக்கமா. ஸ்டாப் பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் வெட்டும், பவர் அப்படியேதான் நிக்கும். எம்சிசியில (மோட்டார்களுக்குக் கரன்ட் போற பேனல்) பிரேக்கரை ஆஃப் பண்ணி, டிரா அவுட் பண்ணி (வெளிய இழுத்து), வேலை செய்யுற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூட்டைப் போட்டு, சாவியை அவங்கவங்க பாக்கெட்ல வச்சுக்கணும். சூப்பர்வைசர் ஒருத்தர் எல்லார் சாவியையும் வாங்கி வைக்கிறது பூட்டே போடாத மாதிரி.

அப்புறம் ட்ரை ஸ்டார்ட், அதாவது பூட்டின பிறகு ஓடுதான்னு ஸ்டார்ட் அழுத்திப் பார்க்கிறது. ஃபீல்டுல போய் ஸ்டார்ட் அழுத்துறாங்க, ஓடல, சந்தோஷமா வேலையை ஆரம்பிக்கிறாங்க. செலக்டர் ஸ்விட்ச் ரிமோட்ல இருந்தா அது எப்பவுமே ஓடாது சார்! லோக்கல்ல போட்டு அழுத்திப் பாருங்க, அப்புறம் ஆஃப்ல வைங்க. அதுக்கும் மேல டெர்மினல்ல வோல்டேஜ் பார்க்கணும். டெஸ்டரை முதல்ல உயிரோட இருக்கிற ஒரு சப்ளையில வச்சுப் பாரு, அப்புறம் இங்க ஃபேஸுக்கு ஃபேஸ் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர், மூணு ஃபேஸ்ல இருந்தும் எர்த்துக்கு, மொத்தம் ஆறு இடம். முடிச்சதும் திரும்ப உயிரோட இருக்கிற சப்ளையில. நடுவுல டெஸ்டரே செத்திருந்தா ஆறு இடமும் ஜீரோதான் காட்டும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) பேனல்னா கபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மூடியில எழுதியிருக்கிற நிமிஷம் வரை காத்திருந்து டிசி பஸ்ஸை அளக்கணும்.

அத்திப்பட்டு, துறைமுகம் பக்கம் நிலக்கரி கன்வேயர்ல இன்னொண்ணு. மோட்டாரைப் பூட்டினாலும் டேக்-அப் கவுன்டர்வெயிட் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற எடை) மேலதான் தொங்குது. அதைக் கட்டாம பெல்ட்டை வெட்டினா கரன்ட்டே இல்லாம பெல்ட் ஓடும்.

காசிமேடு_ஐஸ்:
குளிரூட்டப் பயன்படுற அமோனியா பத்தி யாரும் சொல்லலையே. ஐஸ் ஃபேக்டரி, கோல்டு ஸ்டோரேஜ் பக்கம் வேலை கிடைச்சா முதல்ல பார்க்க வேண்டியது ஆயில் டிரெயின் பண்ற இடம். அமோனியாவோட கம்ப்ரஸர் ஆயிலும் போய் ரிசீவர் (திரவ அமோனியா நிக்கிற டேங்க்) அடியில தேங்கும், அதைத் திறந்து விடுவாங்க. கெட்டியா மெதுவா சொட்டும், ஆப்பரேட்டர் டீ குடிக்கப் போவார், ஆயில் தீர்ந்ததும் பின்னாடியே திரவ அமோனியா பீச்சும். தீர்வு ஆப்பரேட்டரைத் திட்டறது இல்ல. கையை எடுத்தா தானா மூடிக்கிற ஸ்பிரிங் வால்வைப் போடு, அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டாப் வால்வு.

அமோனியா லேசான வாயு, மேல போயிடும்னு புத்தகம் சொல்லும். மைனஸ் 33 டிகிரியில கொதிக்கிற திரவம் பீச்சி வெளிய வந்தா குளிர்ந்த பனிமூட்டமா தரையோட தவழும். கடலோரத்து ஈரக்காத்துல இன்னும் கெட்டியா நிக்கும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலடிக் குழாயில கசிஞ்சப்போ பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து ஓடினாங்க. காத்து திசைக்கு குறுக்கா போய் மேகத்தை விட்டு விலகணும், அப்புறம் காத்து வர்ற பக்கமா நகரணும். ஈரத்துணியை மூக்குல பிடிச்சா கொஞ்சம் கரைச்சுக்கும், தப்பி ஓட மட்டும் அது உதவும், நின்னு வால்வை மூட இல்ல. தேங்கி நிக்கிற திரவ அமோனியா மேல தண்ணி அடிக்காதே, கொதிச்சு இன்னும் வாயு கிளம்பும். மேகத்து மேல வேணா தண்ணியை விசிறியா அடிக்கலாம். கண்ணுல பட்டா இமையைத் திறந்து பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம் ஓடுற தண்ணி. அந்த ஐ வாஷ் குழாயில இன்னிக்கு தண்ணி வருதான்னு தினமும் திறந்து பாரு. மே மாசம் வெயில்ல கிடக்கிற பைப்னா முதல்ல வர்ற தண்ணி சுடும், அதையும் கையில பிடிச்சுப் பாரு.

புதுவரவு_மணலி:
நன்றி. டூல்பாக்ஸ் டாக் (வேலைக்கு முன்னாடி ஆளுங்களுக்குச் சொல்ற சேஃப்டி பேச்சு) நானே எடுக்கணுமாம். ஹெல்பர்ஸ் பாதிப் பேர் ஒடிசா, பீகார்னு சொன்னாங்க.

பெர்மிட்_டெஸ்க்:
தமிழ்ல பேசி கையெழுத்து வாங்கினா ரெஜிஸ்டர் நிறையும், அவ்வளவுதான். அவங்கள்ல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை முன்னாடி நிறுத்து. ஒரு நாளைக்கு ஒரு விஷயம், பத்து நிமிஷம், வேலை நடக்கிற இடத்துலயே. முடிச்சதும் நீ கேளு: மீட்டர் அடிச்சா எங்க போவே? கையைக் காட்டச் சொல்லு. அசெம்பிளி பாயின்ட் (அவசரத்துல கூட வேண்டிய இடம்) பக்கம் கை போகலன்னா அவங்களோட அங்க வரைக்கும் நடந்துட்டு வா. பீஸ் ரேட்ல வந்த கும்பலா, நாள் கூலியான்னும் விசாரிச்சுக்கோ. டேங்குக்கு இவ்வளவுன்னு பேசினவங்க பிரேக் எடுக்க மாட்டாங்க, ரீ-டெஸ்ட்டுக்கு நிக்க மாட்டாங்க. அந்த ஒப்பந்தத்தை மாத்தச் சொல்லி மேல எழுதறதும் சேஃப்டி வேலைதான்.

கேஸ்_டெஸ்டர்:
தம்பி, சேர்ற அன்னிக்கு ஸ்டோர்ல மீட்டர் கொடுப்பாங்க. கேலிபரேஷன் தேதி பாரு. திறந்த வெளியில ஆன் பண்ணு, டீசல் ஜென்செட் பக்கத்துல இல்ல, ஏன்னா அங்க ஆன் பண்ணினா அந்தப் புகையையே ஜீரோன்னு எடுத்துக்கும். ஹோஸ் வாயை விரலால அடை. பம்ப் அலாரம் அடிக்கணும். அடிக்கலன்னா ஹோஸ்ல எங்கேயோ ஓட்டை, வேற ஹோஸ் கேட்டு வாங்கு.