நூலக இரவல் சிஸ்டத்துக்கு டிஎஃப்டி தேவையா?

நிரல்வண்டு:
டிஎஃப்டின்னா தரவோட்டப் படம்: வட்டம் ஒரு செயல், அம்பு அதுக்குள்ள வர்ற, வெளியே போற தரவு, கோப்பு தரவைச் சேமிக்கிற இடம். 1970-களில் டிமார்கோ, கேன்-சார்சன்னு மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர்கள் பரப்பின இந்தப் படத்தை இன்னும் ஏன் கட்டிக்கிட்டு அழறோம்? "அபராத பாக்கி இருந்தா புத்தகம் கிடையாது": இந்த நிபந்தனையை டிஎஃப்டியில எங்கே வரைவீங்க? எது முன்னே, எது பின்னேன்னும் அது சொல்லாது. யார் யாருக்கு எந்த வரிசையில செய்தி அனுப்புறாங்கன்னு காட்டுற சீக்வென்ஸ் டயகிராம் ரெண்டையும் சொல்லும்.

தராசுமுள்:
நிபந்தனையை அதில் வரையவே கூடாது. "இரவல் கொடு" என்ற வட்டத்தின் செயல் விவரத்தில், அதாவது அதற்கான தனிக் குறிப்பில், எழுத வேண்டும். படம் கேட்பது வேறு: பாக்கித் தொகை உறுப்பினர் கோப்பிலிருந்து அந்த வட்டத்துக்குள் வருகிறதா?

"அபராதம் கணக்கிடு" வட்டத்தைப் பாருங்கள். உள்ளே வருவது திருப்பிய தேதி மட்டும். வெளியே போவது தொகை. கெடு தேதியும் ஒரு நாள் அபராத வீதமும் எங்கே? சீக்வென்ஸ் படத்தில் இதே இடத்தில் ஒரு அம்பும் ஃபங்ஷன் பெயரும் இருக்கும். ஓட்டை கண்ணில் படாது.

நிரல்வண்டு:
கோட் எழுதும்போது தானா தெரிஞ்சிடுமே.

தராசுமுள்:
தெரியும், கெடு தேதிக்கு இடமே வைக்காத டேபிளில் பழைய பதிவேடு முழுவதையும் ஏற்றிய பிறகு.

கதவுக்காரர்:
பாதுகாப்பு ஆய்வுக்கு இன்றைக்கும் டிஎஃப்டிதான் அடிப்படை. மைக்ரோசாஃப்டில் பிறந்த ஸ்ட்ரைட் என்ற அச்சுறுத்தல் ஆய்வு முறையில் இதே படத்தின் மேல் நம்பிக்கை எல்லையை, அதாவது நாம் நம்பும் பகுதி முடியும் இடத்தை, புள்ளிக்கோடாகப் போடுவார்கள். உறுப்பினரின் போனிலிருந்து வரும் அம்பு அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில்தான் முதல் கேள்வி: அனுப்புவது அவர்தானா?

நிரல்வண்டு:
அது சரி. ஆனா கடைசிப் பிரதியை ஒரே நொடியில ரெண்டு பேர் முன்பதிவு பண்ணினா? டிஎஃப்டி வாயே திறக்காது. அதோட ஒவ்வொரு வட்டத்தையும் தனிப் படமா விரிச்சு, மூணாவது நிலை வரைக்கும் பிரிச்சு நாப்பது வட்டம் போட்டா யார் பராமரிக்கிறது?

தராசுமுள்:
முன்பதிவு மோதலுக்கு, பிரதியின் நிலை எப்படி மாறுகிறது என்று காட்டும் ஸ்டேட் டயகிராம் போடுங்கள், மறுக்கவில்லை. நாற்பது வட்டம் போடச் சொன்னது யார்? முழு சிஸ்டத்தையும் ஒரே வட்டமாகக் காட்டும் சூழல் படம் ஒன்று, அடுத்த நிலை ஒன்று, அதில் ஐந்திலிருந்து ஒன்பது வட்டம். சிக்கலான வட்டத்தை மட்டும் பிரியுங்கள். பிரித்ததும் சமநிலை பாருங்கள்: வட்டம் 3-க்குள் போன அம்புகளும் வெளியே வந்த அம்புகளும்தான் 3.1 முதல் 3.3 வரை உள்ள படத்தின் ஓரத்திலும் இருக்க வேண்டும். அங்கே "நினைவூட்டல் எஸ்எம்எஸ்" என்று ஒரு அம்பு புதிதாக முளைத்தால், மேல்படத்தில் விட்டுப்போயிருக்கிறது. இல்லையென்றால் யாரோ கேட்காத வசதியை நுழைத்திருக்கிறார்கள்.

நிரல்வண்டு:
ரெண்டு படம்னா சரி, போடலாம். ஆனா ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு நேரா அம்பு போட்டு, நடுவுல தரவை நகர்த்துற வட்டமே இல்லாம யாராவது கொண்டுவந்தா, நான் பார்க்கவே மாட்டேன்.