அப்புச்சி 80: ஒறம்பரைக் குழு

கதிர்: (படம்) அப்புச்சிக்கு எஞ்சின் மாடல் ஒட்டி முடிச்சாச்சுங். நீலமும் அடிச்சாச்சு. ராத்திரி அழுக்கு வாஷ் குடுத்தா ஞாயித்துக்கிழமைக்கு ரெடி.

சாந்தி பெரியம்மா: அச்சு அசல் ஊட்டி ரயிலு சாமி

சாந்தி பெரியம்மா: அழுக்கு எதுக்கு கண்ணு??

மூர்த்தி மாமா: ஏப்பா புதுசா இருக்கறத எதுக்குப் பழசாக்கற

கதிர்: மாமா, அப்புச்சி குன்னூர் ஷெட்டுல பிட்டரா இருந்தவருங். பளபளன்னு குடுத்தா பொம்மைன்னு வாங்கி டிவிகிட்ட வெச்சிருவாரு. கல்லாறு தாண்டுனா 12 அடிக்கு 1 அடி ஏத்தம், அதுல வண்டியப் பொறத்தால நின்னு தள்ளற எஞ்சின். கிரீசு, புகை படியாம இருக்குமுங்களா?

கதிர்: வாஷ்ங்கறது மேலாப்புல பூசறதில்லீங். ஆயில் கலர அட்டையில பிதுக்கி வெச்சா அதுல இருக்கற எண்ணெய அட்டை குடிச்சுக்கும். பொறகு ஒரு பங்கு கலருக்குப் பத்துப் பங்கு டர்பன்டைன். நுனி பிரஷ்ல ரிவெட்டுகிட்டத் தொட்டாப் போதும், சந்துல அதுவா ஓடும். அரை மணி கழிச்சுப் பஞ்சுக் குச்சிய டர்பன்டைன்ல லேசா நனைச்சு, மேல இருந்து கீழ தொடைக்கோணும். சந்துல இருக்கறது மட்டும் நிக்கும். வெறும் கருப்பு நீலத்து மேல பேனாக் கோடாட்டத் தெரியும், அதனால பர்ன்ட் அம்பர்ங்கற கரும்பழுப்புல துளி கருப்பு.

மூர்த்தி மாமா: ஓ

பிரியா: அண்ணா டர்பன்டைன் பட்டா நீலம் போயிராதா

கதிர்: நீலம் அக்ரிலிக் பிரியா. மேல கிளாஸ் வார்னிஷ், அதான் மினுங்கற வார்னிஷ், அடிச்சு நல்லாக் காய வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது. எனாமல்னா கையோட வந்திரும்.

சாந்தி பெரியம்மா: சமையலுக்கு யாரு சொன்னீங்க? சனிக்கிழமையே ஒறம்பரை வந்துரும்

மூர்த்தி மாமா: கறிச்சோறுதான்

சாந்தி பெரியம்மா: அப்பா கறி விட்டு எத்தனை வருசம் ஆச்சு மூர்த்தி

மூர்த்தி மாமா: அவருக்குத் தனியா வெச்சுக்கலாம் அக்கா. வர்றவியளுக்குப் போடோணுமில்ல

செல்வி சித்தி: அப்பாவக் கேக்காம முடிவு பண்றது நம்மூட்டுல புதுசுங்களா. ரயில்வேல குடுத்த கடிகாரம் யாரு ஊட்டுச் செவுத்துல ஓடுதுன்னு எல்லார்த்துக்கும் தெரியும்

மூர்த்தி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: செல்வி விடு

பிரியா: மண்டபமா ஊடா? அதச் சொல்லுங்க மொதல்ல

மூர்த்தி மாமா: கதிரு, படத்த அப்பாகிட்டக் காட்டிட்டேன்

பிரியா: மாமா!!! சர்ப்ரைஸு

கதிர்: என்ன சொன்னாருங்?

மூர்த்தி மாமா: கண்ணாடி போட்டுப் பாத்தாரு. ஏத்தத்துல தண்டவாளத்து நடுவுல இருக்கற பல்லப் புடிச்சு ஏர்ற பல்சக்கரத்துகிட்டக் கிரீசக் காணமேன்னாரு

மூர்த்தி மாமா: நாலு சிலிண்டர்ல ரெண்டு பல்சக்கரத்துக்குன்னே இருக்குதாம். அந்தப் பக்கமெல்லாம் அழுக்கு அப்பிக் கெடக்குமாம். நீலத்த மட்டும் தெனம் காட்டன் வேஸ்ட்ல தொடைச்சு வெப்பாங்களாம், மேல கைய வெக்காதேங்கறாரு

கதிர்: அப்பச் சரிங். கை எட்டுன எடமெல்லாம் சுத்தம், எட்டாத சந்துல அழுக்கு. ஒடம்புக்கு ரிவெட்டு ஓரம் மட்டும் லேசா. அடியில ரெண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் காஞ்ச பொறகு.

மூர்த்தி மாமா: கிரீசு மினுங்கோணுமாம். காஞ்ச சேறாட்ட இருந்தா ஷெட்டுல வேலை பாக்கலைன்னு அர்த்தமாம்

கதிர்: கடைசில மொத்தத்துக்கும் மினுங்காத மேட் வார்னிஷ் அடிச்சுட்டு, கிரீசு எடத்துல மட்டும் மறுக்கா கிளாஸ் தொடறேன். புகைபோக்கி வாய்ல கரி எவ்வளவுன்னு கேளுங்க மாமா

மூர்த்தி மாமா: தூங்கப் போயிட்டாரு. காலைல கேக்கறேன்

சாந்தி பெரியம்மா: அப்படியே சாப்பாட்டையும் கேளு

செல்வி சித்தி: கடிகாரத்தையும்

அம்மா: மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சா இல்லியா?

மூர்த்தி மாமா: நாளைக்குப் பேசறேன்