ஐப்பசி முதல் மார்கழி வரை: தையல், கேக், பஸ் பயணம், மனதை விட்டுப் போகாத ஒரு ஆள்

(பண்டிகை நாட்களில் சந்தித்து, மனதை விட்டுப் போகாத ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள்)

தருமபுரி டீச்சர்:
தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் துணி எடுக்கப் பெங்களூரு சிக்பேட்டை போய் வந்தேன். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, விடியற்காலை பஸ், மதியம் வரை கூட்டத்தில் இடிபடுவது, சாயங்காலம் மடியில் மூட்டையோடு திரும்புவது. எனக்கு மூன்று ப்ளவுஸ், பெண்ணுக்கு ஒரு பட்டுப் பாவாடை, எல்லாம் நானே தைப்பதாகத் திட்டம். ஓசூரில் ஒரு பாட்டி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். லைனிங் துணியைக் கடைக்காரர் குறைத்து வெட்டிவிட்டாரோ என்ற சந்தேகத்தில் நான் பையைத் திறந்து முழம் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி என்னைக் கேட்காமலே லைனிங் நுனியைப் பிடித்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஒரு மூலையை நனைத்தே விட்டார்.

"இது உள்வாங்கும் கண்ணு. ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுட்டு அப்புறமா வெட்டு."

புதுத்துணியில் ஈரம் பட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "எனக்குத் தெரியும் பாட்டி, கையை எடுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். அழுக்குக் கை என்று நான் சொல்லிவிட்டது போல, இரண்டு கையையும் மெதுவாக, விரல் விரலாகத் துடைத்தார். சூளகிரியில் இறங்கிப் போய்விட்டார்.

தெரியும் என்றேனே, தெரியாது. நனைக்காமலே வெட்டித் தைத்தேன், தீபாவளி அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி அப்படியே நின்று, அக்குள் பக்கம் பூராவும் கொழுக்கட்டைச் சொப்பு மாதிரி மடிப்பு. மூன்று ப்ளவுஸும் இப்போது பீரோவின் அடித்தட்டில். அதுகூடப் பரவாயில்லை, அந்தக் கை துடைத்ததுதான் போக மாட்டேன் என்கிறது.

பென்னாகரத்துப் பேத்தி:
டீச்சர், உங்களுக்காவது திட்டினோமே என்ற வருத்தம், என்னைப் பார்த்து ஊரே சிரித்தது. போன கார்த்திகையில் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போனோம். மேலே மழை, காவிரியில் வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் ஏறிவிட்டது, பரிசலுக்குத் தடை, குளிக்கவும் தடை. ஐந்தருவியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மீன் வாங்கிப் பொரிக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் கேழ்வரகு கேக் செய்து கொண்டுபோயிருந்தேன், குக்கரில் உப்பு பரப்பி அதன்மேல் தட்டு வைத்துச் செய்வோமே, அப்படி. எல்லாருக்கும் பெருமையாக வெட்டிக் கொடுத்தேன். மீன் பொரித்துக் கொடுத்த அக்காவுக்கும் ஒரு துண்டு.

என் சொந்தக்காரர்கள் எல்லாரும் "சூப்பர், சூப்பர்" என்று தண்ணீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா ஒரு கடி கடித்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, மீனுக்குப் போட வேண்டியத இதுல போட்டுட்டியா?" என்றார். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் பிடுங்கித் தின்று பார்த்தால் ஒரே கரிப்பு. குக்கரில் தட்டு சாய்ந்து அடியில் இருந்த உப்பு ஓரமாக ஏறியிருக்கிறது.

அவர் சிரித்ததற்குக் கோபம் இல்லை. இரண்டாவது கடியும் கடித்தார், துண்டை முழுசாகத் தின்று முடித்தார். "காசு போட்டுச் செஞ்சது, கொட்டக் கூடாது" என்றார். என் சித்தி துண்டைத் தூக்கிக் குரங்குக்குப் போட்டார்.

பாலக்கோடு டெய்லர்:
டீச்சர் மேடம் சொன்னதில் பாதிதான் சரி என்பதால் எழுதுகிறேன். எல்லா லைனிங்கும் சுருங்கும் என்றில்லை, பாலியஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது, சுத்தப் பருத்திதான் உள்வாங்கும். அந்தப் பாட்டி விரலில் தேய்த்தது கஞ்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. கஞ்சி நிறையப் போட்ட துணி கடையில் மொடமொடவென்று நிற்கும், தண்ணீர் பட்டதும் தொய்ந்துவிடும். பாட்டி கை வைத்தது தொழில் தெரிந்த கை. நீங்கள் மூன்றையும் பீரோவில் போட்டு வைத்திருப்பதும் தப்பு. பக்கத் தையலைப் பிரித்து லைனிங்கை மட்டும் எடுத்துவிட்டு, நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட புது லைனிங் வைத்துத் தைக்கலாம், அரை நாள் வேலை. பட்டுத் துணியில் குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை அப்படியே நிற்கும், குத்துவதென்றால் தையலுக்கு உள்ளே போகும் பகுதியில் குத்துங்கள். ஊசி 11ஆம் நம்பர் போடுங்கள், வீட்டில் எல்லாரும் 16லேயே எல்லாத் துணியையும் தைக்கிறார்கள், அப்புறம் நூல் இழுக்கிறது, சுருக்கம் விழுகிறது என்று மெஷினைத் திட்டுகிறார்கள். பெண்ணுக்கு அம்ப்ரெல்லா பாவாடை தைக்கிறீர்கள் என்றால் இடுப்பு அளவை 6.28ஆல் வகுங்கள், 24 அங்குல இடுப்புக்கு, நாலாக மடித்த துணியின் மூலையிலிருந்து 3.8 அங்குலம் வளைத்து வெட்டினால் போதும். யூட்யூப் பார்த்து நாலரை, ஐந்து என்று வெட்டிவிட்டு இடுப்பில் நிற்கவில்லை என்று கடைசி நாள் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். வெட்டியதும் இரண்டு நாள் தொங்கவிட்டுத்தான் கீழே மடித்து அடிக்க வேண்டும், குறுக்காக ஓடும் இடம் கீழே இறங்கும்.

என் அனுபவம் சின்னதுதான். ஆயுத பூஜைக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று போர்டு மாட்டுவேன், யாராவது கெஞ்சினால் எடுத்துவிடுவேன். ஒரு வருஷம் அப்படி எடுத்த ஒரு சின்னப் பாவாடை சட்டை தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் முடியவில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. விடியக்காலை 4 மணிக்குக் கடைசிப் பட்டன் கோர்த்துக்கொண்டிருந்தேன், வாசலில் நிழல். ஏழெட்டு வயசுப் பெண், தலை நிறைய நல்லெண்ணெய், நெற்றி வழியாகக் கண்ணுக்கு இறங்குகிறது, ஒரு கையால் வழித்து வழித்து விட்டுக்கொண்டு நிற்கிறது. புதுத்துணி வந்தால்தான் குளிக்க வைப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாராம். என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "இன்னும் எத்தனை பட்டன் மாமா?" என்று மட்டும் கேட்டது. அதற்கப்புறம் போர்டு மாட்டினால் மாட்டியதுதான்.

தளி குளிர்:
உப்பு கேக் அக்காவுக்கு: அடியில் உப்பு எதற்கு, மணல் போடுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஸ்டாண்டு போதும். குக்கர் மூடியில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சூடேற்றிய பிறகு தட்டை இடுக்கியால் வையுங்கள், கையால் போட்டால் சாயத்தான் செய்யும். கேழ்வரகு தனியாக எழும்பாது, பாதிக்குப் பாதி கோதுமையோ மைதாவோ சேருங்கள். எங்கள் பக்கம் டிசம்பரில் வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கும், குளிர்ந்த முட்டையை அதில் ஊற்றினால் திரிந்துவிடும், இரண்டையும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வெளியில் எடுத்து அடுப்பு ஓரமாக வைக்க வேண்டும். சர்க்கரையைக் கருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிநீரை, அதுவும் தள்ளி நின்று ஊற்ற வேண்டும். என் இடது கையில் இருக்கும் தழும்பு அதனால் வந்தது. என் கதை அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி மைதா மாவு:
இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. எங்களுக்கு ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாவைக் கலக்கித் தகரத் தட்டில் ஊற்றி, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போய் ஒரு பேக்கரியில் கொடுத்தால், ரொட்டி வேலை முடிந்த சூட்டில் வேக வைத்துக் கொடுப்பார்கள், தட்டுக்கு இவ்வளவு என்று காசு. அந்த வருஷம் முப்பது நாற்பது தட்டாவது இருந்திருக்கும். சாக்பீஸில் பெயர் எழுதினால் கை பட்டு அழிந்துவிடுகிறது, அவரவர் தட்டு அவரவருக்கு அடையாளம் தெரியும் என்று விட்டுவிடுவார்கள்.

சாயங்காலம் போனேன். ஒரே நெரிசல். வேலை செய்யும் பையன் ஒரு தட்டை எடுத்து என் கையில் வைத்தான். வாங்கின உடனேயே தெரிந்துவிட்டது அது என்னுடையது இல்லை என்று. என்னுடையதில் பேரீச்சம்பழமும் டூட்டி ஃப்ரூட்டியும்தான், வேறு ஒன்றும் வாங்க முடியவில்லை. இதில் ஆரஞ்சுத் தோல் வாசனை, கிராம்பு, பல நாள் ஊறிய திராட்சை, மேலே வரிசையாக முந்திரி. திரும்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு முன்னால் ஒரு அம்மா, தேவாலயத்துக்குப் போகும் வெள்ளைச் சேலை, கையில் என் தட்டு. மூக்கருகில் தூக்கி முகர்ந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார். ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை, தான்தான் எதையோ போட மறந்துவிட்டோமோ என்று யோசிக்கிற முகம். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

அந்த மாதிரி கேக் நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் "அந்தத் தடவை மாதிரி செய்மா" என்கிறார்கள்.

எலத்தகிரிப் பக்கம்:
மைதா மாவு அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த ஒரு கேக்குக்காக நவம்பரிலேயே பழம் நறுக்கி ஜாடியில் ஊறப்போட்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை கிளறி, குழந்தைகள் கை வைக்காமல் பரண்மேல் ஏற்றி வைப்போம். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து வெட்டுவது அதுதான். அந்த அம்மா அன்றைக்கு வீட்டில் என்ன பதில் சொன்னாரோ. பேக்கரியிலேயே அவரைக் கூப்பிட்டு "அம்மா, மாறிவிட்டது" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? மறுநாள் பேக்கரியில் போய்க் கேட்டிருந்தால்கூட அவர்கள் ஆளைக் காட்டியிருப்பார்கள், கிருஷ்ணகிரி என்ன பெரிய ஊரா?

பாலக்கோடு டெய்லர்:
விடுங்கள், பண்டிகை நேரத்தில் எல்லாருக்கும் புத்தி தடுமாறும். நானும் ஒருவர் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறேன், அவரும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எலத்தகிரிப் பக்கம்:
சட்டை வேறு, இது வேறு அண்ணா. சரி, ஒன்று கேட்கிறேன். கேக் மாறியது என்றால் தட்டும் மாறியிருக்குமே? அது எங்கே?

பென்னாகரத்துப் பேத்தி:
ஆமாம் அக்கா, தட்டு?

தருமபுரி டீச்சர்:
அவரை ஏன் இப்படிப் போட்டு நெருக்குகிறீர்கள். டெய்லர் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஒரு ப்ளவுஸைப் பிரித்துவிட்டேன். புது லைனிங் இப்போது பக்கெட்டில் ஊறுகிறது. நீலச் சாயம் வேறு போகிறது, அதற்கு என்ன செய்வது?

பாலக்கோடு டெய்லர்:
தண்ணீரை மாற்றி மாற்றித் தனியாக அலசிப் பாருங்கள். அப்படியும் போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், வியர்வையில் மேல்துணியில் ஏறிவிடும்.

கிருஷ்ணகிரி மைதா மாவு:
தட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கும், அடியில் ஆணியால் கீறி ஒரு எழுத்து போட்டிருக்கிறார்கள், "ம". ஒவ்வொரு டிசம்பரும் 24ஆம் தேதி அதில்தான் மாவு ஊற்றிக் கொண்டுபோகிறேன். பேக்கரியில் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். ஆறு வருஷம் ஆயிற்று, இதுவரை யாரும் கேட்கவில்லை.