ஆர் மொழியில் வரைபடச் சாளரத்தின் அமைப்புகளை மீட்பது எப்படி?

கேள்வி: காரைக்குடி ஆய்வு மாணவர்

வணக்கம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு செய்கிறேன். ஒரு மின்முனையின் சுழல் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) வளைவுகள் நான்கை, இரண்டுக்கு இரண்டு கட்டங்களாக ஒரே சாளரத்தில் வரையும் ஃபங்ஷன் (கட்டளைத் தொகுப்பு) ஒன்றை ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். அதன் தொடக்கத்தில், வரைபட அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் 'பார்' கட்டளைக்கு 'நோ.ரீட்ஒன்லி = ட்ரூ' கொடுத்து, மாற்றத்தக்க அமைப்புகள் அனைத்தையும் சேமித்து, கடைசி வரியில் மீட்கிறேன். தரவுக் கோப்பில் கோளாறு இருந்து ஃபங்ஷன் பாதியில் நின்றுவிட்டால், அடுத்து வரையும் படம் கால் பங்கு இடத்தில், சிறுத்த எழுத்துகளுடன் வருகிறது. ஒழுங்காக முடிந்தாலும், இடையில் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் ஓரங்கள் தாறுமாறாகின்றன. இதற்கு என்ன வழி?

பதில் 1: தேவகோட்டை வாசகர்

முதல் சிக்கலுக்கு 'ஆன்.எக்ஸிட்' போதும். மீட்கும் கட்டளையை அதற்குள் வைத்தால், ஃபங்ஷன் பிழையால் நின்றாலும் அது இயங்கும். அதை ஃபங்ஷனின் இறுதியில் அன்று, அமைப்பை மாற்றிய மறுவரியிலேயே எழுதுங்கள். ஒரே ஃபங்ஷனில் இரண்டாவது முறை அழைத்தால் முந்தையது அழிந்துவிடும் என்பதால், அங்கே 'ஆட் = ட்ரூ' சேர்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், அனைத்தையும் சேமிப்பதால் வருவது. 'மார்' (ஓரங்களின் அகலம்), 'பின்' (படத்தின் அளவு), 'பிஎல்டி' (படத்தின் எல்லைகள்) போன்றவை ஒரே இடத்தை வெவ்வேறு வழிகளில் குறிப்பவை. மொத்தமாக மீட்டால் அகரவரிசையில் பின்னால் வருவதே வெல்லும். கல்யாணத்துக்குப் பரணிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மட்டும்தானே திரும்ப ஏற்றுவோம்? மாற்றும்போதே 'பார்' பழைய மதிப்பைத் திருப்பித் தருகிறது ('எம்எஃப்ரோ' என்பது கட்டங்களின் வரிசை, நெடுவரிசை எண்ணிக்கை):

பழையது <- பார்(எம்எஃப்ரோ = சி(2, 2))
ஆன்.எக்ஸிட்(பார்(பழையது))

இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் எழுத்தின் அளவு 0.83 மடங்காகக் குறைகிறது. 'எம்எஃப்ரோ' பழைய நிலைக்குத் திரும்பும்போது அதுவும் சரியாகிவிடும்.

பதில் 2: புதுவயல் வாசகர்

மேற்சொன்னது சரியே. ஆனால் கட்டங்களை 'லேஅவுட்' கொண்டு பிரித்திருந்தால் இந்த முறை எடுபடாது. முடிவில் 'லேஅவுட்(1)' என்று தனியாகக் கொடுக்க வேண்டும். மேலும், இந்த அமைப்புகள் அந்தந்தச் சாளரத்துக்கே உரியவை. ஃபங்ஷனுக்குள் புதிய சாளரம் திறந்தால், முதலில் 'டெவ்.கர்' தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'டெவ்.செட்' மூலம் பழையதற்குத் திரும்பிய பிறகே மீட்க வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சேமிப்பதை 'எம்எஃப்ரோ', 'மார்' இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்; சாளரத்தைப் பெரிதாக்கினாலும் ஓரங்கள் இப்போது கலைவதில்லை. திரையில்லாமல் கணினியில் இரவில் ஓட்டும்போது 'ஆர்பிளாட்ஸ்.பிடிஎஃப்' என்றொரு கோப்பு தானாக முளைக்கிறதே, அதுவும் 'பார்' அழைப்பதால்தானா?

பதில் 2: புதுவயல் வாசகர்

ஆம். எந்தச் சாளரமும் திறந்திராத நிலையில் 'பார்' அழைத்தால், அதுவே ஒன்றைத் திறந்துகொள்ளும்; திரையில்லாதபோது அந்தக் கோப்பே சாளரத்தின் இடத்தில் திறக்கிறது. உங்களுக்கு வேண்டிய கோப்பை 'பிடிஎஃப்' கட்டளையால் முன்பே திறந்துவிடுங்கள்.