கண்ணாடி இழையா, செம்பா: தரைவீட்டிலும் வீவக வீட்டிலும் கேபிள் போடும்போது பார்த்தவை

யீஷூன் ஒயர்மேன்:
ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்)னா எல்லாரும் வேகத்தைத்தான் பேசுறாங்க. தரைவீட்டுக்காரங்க முதல்ல இடியைப் பத்தி யோசிக்கணும். சிங்கப்பூர்ல வருஷத்துக்குச் சராசரியா 168 நாள் இடி முழங்குது. வீட்டிலிருந்து வாசல் கேமரா வரைக்கும் மண்ணுக்கடியில கேட்6-ங்கிற செம்பு நெட்வொர்க் கேபிள் போட்டிருந்தா, மின்னல் வீட்டு மேலேயே விழணும்னு இல்ல. பக்கத்துல விழுந்தாலே கம்பியில வோல்டேஜ் எகிறி நெட்வொர்க் ஸ்விட்ச்ல கேபிள் சொருகுற போர்ட் போயிடும், சில நேரம் வரிசையா நாலஞ்சு. கண்ணாடி இழைக்குள்ள கரண்ட் ஓடாது. ஆனா கடையில கேட்டு வாங்குங்க: எஃகுக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகை வேணும். உலோகம் இருந்தா மின்னலுக்கு மறுபடி வழி விட்டாச்சு.

தெம்பனிஸ் டெக்:
அதோட தூரம். செம்பு ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் 90, இரு முனை பேட்ச் கார்டுகளுக்கு 10. 10 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 10 கிகாபிட்) வேண்டுமென்றால் கேட்6 அதிகபட்சம் 55 மீட்டர், பல கேபிள்களை நெருக்கமாகச் சேர்த்துக் கட்டினால் 37 மீட்டராகவும் சுருங்கும். 100 மீட்டர் வேண்டுமானால் கேட்6ஏ. சிங்கிள்மோட் (ஒளி ஒரே பாதையில் போகும்) இழையில் 10ஜி எல்ஆர் மாட்யூல், அதாவது மின் சிக்னலை ஒளியாக மாற்றும் செருகுக் கருவி, 10 கிலோமீட்டர் போகும்.

வாங்க வேண்டியவை: வளைவைத் தாங்கும் ஜி.657.ஏ2 வகை இரண்டு இழைக் கேபிள், இரு முனையிலும் எல்சி எனும் சிறிய கனெக்டர் ஆலையிலேயே போட்டது. மேலே சொன்ன எல்ஆர் மாட்யூல், எஸ்எஃப்பி+ வடிவத்தில், இரண்டு. அளந்த நீளத்துக்கு மேல் 3 முதல் 5 மீட்டர் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்டி ஒட்ட ஃபியூஷன் ஸ்ப்ளைசர் (இழையை உருக்கி ஒட்டும் கருவி) வேண்டும், ஒரு வீட்டுக்காக யாரும் அதை வாங்கப் போவதில்லை. குழாய் 25 மில்லிமீட்டர், முழங்கை வளைவு வேண்டாம், அகலமான வளைவு போடுங்கள். இழுக்கும்போது கயிற்றைக் கனெக்டரில் கட்டாமல் உள்ளிருக்கும் மஞ்சள் அராமிட் நாரில் கட்டுங்கள். பாதி வேலை கெடுவது இங்கேதான்.

ஒரே இழையில் போக்குவரத்து நடத்தும் பைடை மாட்யூல் வாங்குபவர்களுக்கு: ஒரு முனையின் அனுப்பும்/வாங்கும் அலைநீளம் 1270/1330 நானோமீட்டர் என்றால் மறுமுனை 1330/1270. ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் லிங்க் விளக்கு எரியவே எரியாது.

பொங்கோல் அக்கா:
வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு வாங்க. டெர்மினேஷன் பாயிண்ட்ல (இழை வீட்டுக்குள்ள வந்து முடியுற பெட்டி) இருக்கிற பச்சை முனை எஸ்சி/ஏபிசி, முகப்பு 8 டிகிரி சாய்வா இருக்கும். நீலம் யுபிசி, சாய்வு இல்ல. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையும், அதுதான் வம்பே! நடுவுல காத்து இடைவெளி விழுந்து ஒளி குறையும், முகப்பும் கீறிடும்.

ஓஎன்டி-ல (இழையில வர்ற ஒளியை இன்டர்நெட் சிக்னலா மாத்துற பெட்டி) எல்ஓஎஸ் விளக்கு, அதாவது ஒளி வரலைங்கிற விளக்கு, சிவப்பா எரிஞ்சா உடனே போன் போடாதீங்க, டிவி கேபினெட் பின்னாடி பாருங்க. ஜி.657.ஏ2 இழை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரைக்கும் வளைவைத் தாங்கும். டிராயர்ல நசுங்கினா தாங்காது. வளைவு சரின்னா முனை அழுக்கு. ஒளி போற பாதை 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் ஒட்டும். 2.5 மில்லிமீட்டர் பேனா கிளீனர் ஒரு அழுத்து. ஓஎன்டி பக்கத்துல ஒளி அளவு பார்க்க முடிஞ்சா மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 டிபிஎம்முக்குள்ள இருக்கணும். எல்லையை ஒட்டி மைனஸ் 26-ல நிக்குதுன்னா இன்னைக்கு ஓடும், நாளைக்கு விட்டு விட்டு வரும். முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்காதீங்க, 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

தெம்பனிஸ் டெக்:
இழையின் பெரிய லாபம் இன்னொன்று: சுவருக்குள் இருப்பதை மாற்ற வேண்டாம். ஏடிஎஸ்எல்2+ எனும் பழைய இன்டர்நெட் முறைக்குத் தொலைபேசிக் கம்பியில் 24 எம்பிபிஎஸ்தான் உச்சம், எக்ஸ்சேஞ்ச் தள்ளிப்போகப் போக அதுவும் கரையும். ஜிபான் (பல வீடுகள் ஒரு இழையைப் பகிரும் முறை) ஒரு கிளைக்கு 2.5 ஜிபிபிஎஸ், அதே இழையில் அதன் அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் 10. கீழிறங்கும் அலைநீளம் 1490-க்குப் பதில் 1577 என்பதால் இரண்டும் ஒரே கண்ணாடியில் மோதாமல் ஓடும். 10 ஜிபிபிஎஸ்ஸுக்காக 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024ல் அரசாங்கம் அறிவித்தபோதும் வேலை பெரும்பாலும் இரு முனைக் கருவிகளில்தான்.

யீஷூன் ஒயர்மேன்:
செம்பை மொத்தமா ஒதுக்காதீங்க. இழையில கரண்ட் அனுப்ப முடியாது. கேமரா, சீலிங் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி) எல்லாம் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கம்பியிலேயே வர்ற கரண்ட், கேட்கும்: 802.3ஏஎஃப் 15.4 வாட், ஏடி 30 வாட். தூரம் அதிகம்னா நடுவுல வரைக்கும் இழை, அங்க சின்ன பிஓஇ ஸ்விட்ச், கடைசி 20 மீட்டர் செம்பு. அந்த ஸ்விட்ச்சுக்கு மின்சாரம் அங்கேயே இருக்கணும், அதை முதல்லயே பாருங்க. விலை ரொம்பக் குறைவா இருக்கிற கேட்6-ஐச் சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா செம்பு பூசின அலுமினியம். பிஓஇ ஏத்தினா சூடாகும், தூரத்துல வோல்டேஜ் விழும்.

பொங்கோல் அக்கா:
வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு. பழைய போன் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துச்சு, கரண்ட் போனாலும் போன் அடிக்கும். இப்ப ஓஎன்டி அணைஞ்சா வீட்டு போனும் அணையும். ஓஎன்டி, ரவுட்டர் ரெண்டோட அடாப்டர்லயும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்னு படிச்சுட்டு, அதுக்குப் பொருந்துற சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி வையுங்க. 9 வோல்ட் கருவியில 12 வோல்ட் முனை அழகா நுழையும், பார்த்துக்குங்க.